ஏரியின் பெயரில் ஓர் எரிமலை

சில மாதங்களுக்கு முன்பு தென் அமெரிக்க எரிமலைகளின் பட்டியல் ஒன்றை மேய்ந்துகொண்டிருந்தேன். சிலி, பொலிவியா எல்லையில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. பரினகோத்தா. முதல் தடவை நான் அதை ‘பரினகோட்டா’ என்றுதான் படித்தேன். படித்த உடனே மனசு ‘கோட்டை’ என்று சொல்லிவிட்டது. படத்தைப் பார்த்தால் அதுவும் பொருந்துற மாதிரியே இருந்தது. வெட்டவெளியில் தனியாக எழுந்து நிற்கும் பனிக்கூம்பு, சுற்றிலும் மதில் மாதிரி கரும்பாறைகள். குறிப்பேட்டில் ‘கோட்டை??’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இரண்டு நாள் அந்தக் குறிப்பை நினைத்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மூன்றாம் நாள் ஐமாரா மொழியைப் பற்றிக் கொஞ்சம் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ‘கோத்தா’ என்றால் அங்கே கோட்டை இல்லை, ஏரி. பரினகோத்தா என்றால் பூநாரை ஏரி. 6,300 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு எரிமலைக்கு ‘பூநாரை ஏரி’ என்று பெயர்!

என் தவறைவிட இது இன்னும் விநோதமாகப் பட்டது. மலைக்கு எதுக்கு ஏரியின் பெயர்? அதைத் தேடிப் போனதில் ஒலியியல், பறவை, நிலவியல், கடைசியில் ஒரு நீதிமன்ற வழக்கு வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் இடம்

சிலியின் வடகோடியில் கடற்கரை ஓரமா அரிக்கா என்று ஒரு நகரம். அங்கிருந்து கிழக்கே பொலிவியாவின் லா பாஸ் நகருக்கு ஒரு நெடுஞ்சாலை போகிறது. கடல் மட்டத்தில் தொடங்கும் அந்தச் சாலை எல்லையைத் தொடுவதற்குள் 4,500 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். எல்லைக்குச் சற்று முன்னால் சாலையை ஒட்டியே ஒரு பெரிய ஏரி. அதன் பெயர் சுங்காரா. ஏரிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கூம்பாக நிற்பதுதான் பரினகோத்தா. பக்கத்திலேயே அதன் ஜோடி மலை பொமெராப்பே. இரண்டையும் சேர்த்துப் பாயாச்சாத்தா என்பார்கள். வழக்கமாக அதற்கு ‘இரட்டையர்’ என்று பொருள் சொல்வார்கள். எல்லையைத் தாண்டிப் பொலிவியா பக்கம் கொஞ்சம் போனால் சஹாமா. 6,542 மீட்டர், பொலிவியாவிலேயே உயர்ந்த சிகரம்.

இந்த உயர்ந்த மேட்டுநிலம் ஐமாரா மக்களின் மண். பொலிவியா, பெரு, சிலி மூன்று நாடுகளிலுமாக இருபது லட்சம் பேர் அளவில் ஐமாரா பேசுகிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பு இங்கே இன்கா ஆட்சி நடந்தது. அந்த ஆட்சியின் மொழி கெச்சுவா. ஆக, இந்தப் பகுதி இடப்பெயர்களில் மூன்று மொழிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஐமாரா, கெச்சுவா, மேலே ஸ்பானியம். ஒரு பெயரைக் கையில் எடுத்தால் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பெயரைப் பிரித்தால்

பரின + கோத்தா. ‘பரினா’ என்பது பூநாரை. நம்ம ஊரில் பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருமே, அதே குடும்பம். இனம் மட்டும் வேறு. ‘கோத்தா’ என்பது ஏரி.

இரண்டு சொற்களும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள். அடைமொழி முன்னே, பெயர்ச்சொல் பின்னே. பூநாரை ஏரி என்று தமிழில் சொல்லும்போதும் அதே வரிசைதான். ஸ்பானியத்தில் இதைச் சொல்வதானால் ‘ஏரி’ முன்னே வந்து ‘பூநாரைகளின்’ பின்னே வரும். அதனால் இந்தக் கூட்டுச்சொல்லைக் கட்டியவர்கள் ஸ்பானியர் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். உள்ளூர் ஆட்கள் கட்டிய பெயர், ஸ்பானியர்கள் எழுதி வைத்த பெயர்.

சரி, உள்ளூர் ஆட்கள் என்றால் யார்? ஐமாரா பேசியவர்களா, கெச்சுவா பேசியவர்களா? கெச்சுவாவிலும் அடைமொழி முன்னேதான் வரும். பூநாரைக்கும் இரண்டு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல்தான். பரினா, பரிவானா என்று ரெண்டு வடிவமும் வழங்குது. பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் இந்த இரண்டு மொழிகளுக்கும் ஏகப்பட்ட சொற்கள் பொது. அதனால் பெயரின் முன்பாதியை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது.

துப்பு இருப்பது வாலில்.

கோத்தாவா, கோச்சாவா?

ஏரிக்கு ஐமாராவில் ‘கோத்தா’. கெச்சுவாவில் ‘கோச்சா’. ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு எழுத்து ஆண்டிஸ் மலைத்தொடர் முழுக்க எல்லைக்கல் மாதிரி வேலை செய்கிறது.

பெருவில் அயாகுச்சோ பகுதியில் ஒரு ஏரி இருக்கு. அதன் பெயர் பரினகோச்சாஸ். கடைசி ‘ஸ்’ ஸ்பானியப் பன்மை, அதைத் தள்ளிவிடுங்கள். மீதி ‘பரினகோச்சா’. அதே பூநாரை, அதே ஏரி, ஆனால் கெச்சுவா வால். நம்ம மலைக்கு இருப்பது ஐமாரா வால். ஒரே கருத்தை இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக வேறு வேறு நீர்நிலைகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது.

இன்னும் சில பெயர்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். லா பாஸுக்கு அருகே கொண்டொரிரி மலைக்கு ஏறுபவர்கள் முகாம் போடும் ஏரியின் பெயர் சியார் கோத்தா. ‘கருப்பு ஏரி’ என்று பொருள். ‘சியார’ ஐமாராவில் கருப்பு. வால் ‘கோத்தா’. முன்னும் பின்னும் ஐமாரா. அங்கிருந்து வடக்கே வெகுதூரம் போனால் ஈக்வடாரில் யாவார்கோச்சா. ‘யாவார்’ கெச்சுவாவில் ரத்தம். முன்னும் பின்னும் கெச்சுவா. பெருவின் உவாஸ்கரான் மலையடிவாரத்தில் சினன்கோச்சா, ஓர்கோன்கோச்சா என்று இரண்டு ஏரிகள், பெண் ஏரி, ஆண் ஏரி. அவையும் கெச்சுவா.

பரினகோத்தா மலைக்கு மிக அருகிலேயே இன்னொரு நல்ல சாட்சி இருக்கு. அதன் அடிவாரத்தில் சின்னச் சின்ன ஏரிகள் கொத்தாகக் கிடக்கின்றன. அந்த இடத்தின் பெயர் கோத்தகோத்தானி. ‘ஏரி ஏரி’ என்று சொல்லை இரட்டித்து, பின்னால் ‘நி’ என்ற ஒட்டு. ‘நி’ என்றால் ஐமாராவில் ‘உடையது’. ஏரி ஏரியாக உடைய இடம். நாமும் கூட்டங்கூட்டமாக, கொத்துக்கொத்தாக என்று இரட்டித்துத்தானே பன்மை உணர்வைக் கொண்டுவருகிறோம். பாயாச்சாத்தாவின் தொடக்கத்தில் இருக்கும் ‘பாயா’ என்பதும் ஐமாராவில் இரண்டு என்ற எண். கெச்சுவாவில் இரண்டுக்கு ‘இஸ்காய்’. ஆக மலையைச் சுற்றியுள்ள பெயர்களும் ஐமாராவையே கைகாட்டுகின்றன.

என் ‘கோட்டை’ ஏன் தவறு என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு பெயரை மட்டும் தனியாக எடுத்து நமக்குத் தெரிந்த சொல்லோடு ஒட்டிப் பார்த்தால் எதுவும் எதோடும் ஒட்டும். அதே பகுதி வேறு எந்தெந்தப் பெயர்களில் வருகிறது, அந்த இடங்களில் எல்லாம் நாம் சொல்லும் பொருள் பொருந்துதா என்று பார்க்கணும். சியார் கோத்தாவில் கோட்டை இல்லை, தண்ணீர் இருக்கு. கோத்தகோத்தானியிலும் கோட்டை இல்லை, தண்ணீர்தான் இருக்கு. ஒலி ஒற்றுமை கேள்வி கேட்க வைக்கும். பதிலை மண்ணில்தான் தேடணும்.

எழுத்தில் உகரம், காதில் ஒகரம்

இன்னொரு சின்னச் சிக்கல். ஐமாரா இலக்கண நூல்களில் ‘கோத்தா’ என்ற சொல்லையே பார்க்க முடியாது. அங்கே ‘குத்தா’ என்றுதான் எழுதியிருக்கும். முதலில் இது வேறு சொல்லோ என்று குழம்பினேன்.

விஷயம் இதுதான். ஐமாராவில் அடிப்படை உயிர்கள் மூன்றே மூன்று. அ, இ, உ. எகரமும் ஒகரமும் தனி எழுத்தாகக் கிடையாது. ஆனால் அந்த மொழியில் இரண்டு விதமான ககரம் உண்டு. ஒன்று நம்ம ககரம் மாதிரி. இன்னொன்று தொண்டையின் உள்ளே, உள்நாக்கில் பிறப்பது. இந்த இரண்டாவது ககரத்துக்குப் பக்கத்தில் இகரமோ உகரமோ வந்தால் நாக்கு கீழே இழுபடும். அதனால் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் காதில் விழும். பேசுகிறவர் மனதில் ‘குத்தா’, கேட்கிற ஸ்பானியர் காதில் ‘கோத்தா’. அவர் கேட்டதை எழுதினார், அது வரைபடத்தில் நின்றுவிட்டது. கெச்சுவாவின் கோச்சாவுக்கும் இதே கதைதான்.

தமிழ் பேசுகிற நமக்கு இது புதுசு இல்லை. எழுதுவது ‘உடம்பு’, சொல்வது ‘ஒடம்பு’. எழுதுவது ‘இலை’, சொல்வது ‘எலை’. ‘குடை’யைக் ‘கொடை’ என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். காரணம் வேறு. தமிழில் அடுத்து வரும் அகரமும் ஐகாரமும் முன்னால் உள்ள உயிரைக் கீழே இழுக்கின்றன, ஐமாராவில் உள்நாக்கு ககரம் இழுக்கிறது. விளைவு மட்டும் ஒரே மாதிரி. தமிழ் தெரியாத ஒரு வெளிநாட்டு நில அளவையாளர் நம்ம ஊர்ப் பெயர்களைக் காதால் கேட்டு எழுதினால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்தது.

எந்தப் பூநாரை?

ஆண்டிஸின் இந்த உயரத்தில் மூன்று வகைப் பூநாரைகள் உண்டு. சிலிப் பூநாரை, ஆண்டியப் பூநாரை, ஜேம்ஸ் பூநாரை. காலைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். ஆண்டியப் பூநாரைக்கு மஞ்சள் கால், உலகிலேயே மஞ்சள் காலுள்ள பூநாரை அது ஒன்றுதான். ஜேம்ஸ் பூநாரைக்குச் செங்கல் நிறக் கால். சிலிப் பூநாரைக்குச் சாம்பல் நிறக் கால், மூட்டில் மட்டும் இளஞ்சிவப்பு.

இதில் ஜேம்ஸ் பூநாரையின் கதை சுவாரசியமானது. அது அழிந்தே போய்விட்டது என்று பறவையியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1957ல்தான் பொலிவியாவின் உயர்மலை உப்பேரி ஒன்றில் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. ‘மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது’ என்பது வெளியிலிருந்து வந்தவர்களின் கணக்கு. அந்த மேட்டுநிலத்தில் லாமா மேய்த்தவர்களுக்கு அந்தப் பறவை எப்போதும் அங்கேதான் இருந்தது.

சிலியில் ஆண்டியப் பூநாரையைப் ‘பெரிய பரினா’ என்றும், ஜேம்ஸ் பூநாரையைச் ‘சின்ன பரினா’ என்றும் இன்றும் ஸ்பானியத்திலேயே சொல்கிறார்கள். சிலிப் பூநாரைக்கு மட்டும் ஸ்பானியச் சொல். ஊர்க்காரர்களின் சொல் ஆட்சி மொழிக்குள் நுழைந்து பறவைப் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. மலையின் பெயரில் உள்ள ‘பரின’ வெறும் பழைய எச்சம் இல்லை, இன்றைக்கும் வாயில் புழங்கும் சொல்.

மலையே உண்டாக்கிய ஏரி

இனி முதல் கேள்விக்கு வருவோம். மலைக்கு ஏன் ஏரியின் பெயர்?

மலையின் மேற்கே பரினகோத்தா என்றே ஒரு சின்ன ஊர் இருக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் வெள்ளை அடித்த பழைய மண்சுவர்த் தேவாலயம் ஒன்று, அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள். பொத்தோசியின் வெள்ளியைக் கோவேறு கழுதைகளிலும் லாமாக்களிலும் ஏற்றி அரிக்கா துறைமுகத்துக்குக் கொண்டுவந்த பழைய பாதை இந்தப் பக்கம்தான் போனது. ஊரை ஒட்டி உயர்மலைச் சதுப்புப் புல்வெளி. லாமாவும் அல்பாக்காவும் மேயும் இடம். நடுநடுவே நீர்த்தேக்கங்கள், அவற்றில் பறவைகள். பெயர் முதலில் இந்த நீர்நிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குப் போய், ஊரின் பின்னால் நிற்கும் மலைக்கு ஏறியிருக்கும் என்பது என் முடிவு. வெளியாட்கள் வரைபடம் போடும்போது ‘அது எந்த மலை?’ என்று கேட்டால் ‘பரினகோத்தா மலை’ என்றுதானே பதில் வரும்.

ஆனால் நிலவியலைப் படித்ததும் இதில் எதிர்பாராத ஒரு திருப்பம் கிடைத்தது.

இன்று நாம் பார்க்கும் பரினகோத்தா இரண்டாவது மலை. அதே இடத்தில் முன்பு இன்னொரு கூம்பு இருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் மேற்குப் பக்கம் அப்படியே பெயர்ந்து சரிந்தது. காலக்கணிப்புகள் 8,000 ஆண்டிலிருந்து 20,000 ஆண்டு வரை வேறுபடுகின்றன. சரிந்த பாறைக் குவியல் 20 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிப்போய் விழுந்தது. அது அங்கிருந்த ஆற்றின் வழியை அடைத்தது. அடைபட்ட தண்ணீர் தேங்கித்தான் சுங்காரா ஏரி உண்டானது. சரிந்த பாறைகள் மேடும் பள்ளமுமாகக் கிடந்த இடத்தில், பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் கட்டிக் கோத்தகோத்தானி ஆனது.

அப்புறம் எரிமலை மறுபடி கக்கிக் கக்கிப் புதுக் கூம்பைக் கட்டிக்கொண்டது. அதனால்தான் அது இவ்வளவு ஒழுங்கான வடிவத்தில் இருக்கு. பக்கத்திலிருக்கும் பொமெராப்பே வயதில் மூத்தது, பனியும் காற்றும் அரித்து முகமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. பரினகோத்தாவின் உச்சியில் ஒரு கிலோமீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் உள்ள வாய் இருக்கு. ஆனால் வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாகப் பதிவு இல்லை.

ஆக, அந்த ஏரிகளை உண்டாக்கியதே இந்த மலைதான். தகப்பனுக்குப் பிள்ளையின் பெயர் வந்த மாதிரி. பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சரிவைப் பற்றித் தெரிந்திருக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் ‘கோட்டை’க்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அவர்கள் அன்றாடம் பார்த்தது தண்ணீரை, தண்ணீரில் நிற்கும் பறவையை. 4,400 மீட்டர் உயரத்தில் மந்தை வைத்திருப்பவருக்கு முக்கியம் மலையின் உயரம் இல்லை. தண்ணீர் எங்கே தேங்குது, புல் எங்கே பச்சையா இருக்கு என்பதுதான். உயரம் மலையேற வருபவர்களின் கவலை. எங்களைப் போலப் பட்டியல் மேய்பவர்களின் கவலையும்கூட.

தண்ணீருக்கு வந்த ஆபத்து

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு சுவையான சொல்லாராய்ச்சிக் குறிப்பு, அவ்வளவுதான். அந்த ஏரிக்கு என்ன ஆனது என்று தேடியபோதுதான் இதைப் பதிவாக எழுதணும் என்று தோன்றியது.

கோத்தகோத்தானியிலிருந்தும் பரினகோத்தாவின் சதுப்பிலிருந்தும் கிளம்பும் தண்ணீர்தான் லவுக்கா ஆறு. அது இயல்பாகக் கிழக்கே திரும்பிப் பொலிவியாவுக்குள் போய் கொய்ப்பாசா என்ற உப்பளத்தில் முடிகிறது. மேற்கே அரிக்காவோ உலகிலேயே மிக வறண்ட ஊர்களில் ஒன்று. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நகருக்குப் பின்னால் அசாப்பா பள்ளத்தாக்கில் ஒலிவத் தோப்புகளும் காய்கறித் தோட்டங்களும். அவற்றுக்குத் தண்ணீர் வேணும். சிலி அரசு லவுக்கா ஆற்றின் ஒரு பகுதியை வாய்க்காலும் சுரங்கமும் வெட்டி மேற்கே திருப்பியது. 1962 ஏப்ரலில் இதைக் காரணம் காட்டிப் பொலிவியா, சிலியுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. நடுவில் 1975லிருந்து 1978 வரை மட்டும் உறவு திரும்பியது, பிறகு கடல்வழிப் பிரச்சினையில் மறுபடி முறிந்தது. 1962ல் இரண்டு நாடுகளின் உறவு அறுந்தது இந்தப் பூநாரைத் தண்ணீரை வைத்துத்தான்.

1980களில் அடுத்த திட்டம் வந்தது. சுங்காரா ஏரியிலிருந்தே தண்ணீரை இறைத்து அசாப்பாவுக்கு அனுப்புவது. சுங்காராவுக்கு மேற்பரப்பில் வெளியேறும் ஆறு கிடையாது. உள்ளே வருவது கொஞ்சம், ஆவியாகப் போவது மிச்சம், பாறைக்கு அடியில் கசிவது கொஞ்சம். அப்படி ஒரு சமநிலையில் நிற்கும் ஏரியை இறைக்க ஆரம்பித்தால் மட்டம் இறங்கும். முதலில் கரையோரம் காயும். பறவைகள் இரை தேடுவதும் கூடு கட்டுவதும் அந்த ஆழமில்லாத கரையோரத்தில்தான். சுங்காராவில் ராட்சத நாமக்கோழி என்று ஒரு பறவை இருக்கு. நீர்ச்செடிகளைக் குவித்துத் தண்ணீரிலேயே மேடை மாதிரி பெரிய கூடு கட்டும். தண்ணீர் விலகினால் அந்தக் கூடு தரையில் நிற்கும், நரி நடந்தே வந்துவிடும். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன மீன் வகையும் இந்த ஏரியில் உண்டு. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே அதே 1980களில்தான். பெயர் வைத்து முடிப்பதற்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கதை.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. மாசற்ற சூழலில் வாழும் உரிமை சிலியின் 1980 அரசியல் சட்டத்தில் இருக்கு. அதை முன்வைத்து நீர்ப்பாசனத் துறைக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 1985ல் உச்ச நீதிமன்றம் ஏரியை இறைக்கும் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. அப்போது சிலியில் நடந்தது ராணுவ ஆட்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கணும். சிலியின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றைப் பேசுபவர்கள் இன்றும் தொடக்கக்கால மைல்கல்லாக இந்த வழக்கைத்தான் சொல்கிறார்கள்.

அரிக்கா விவசாயியின் தாகம் பொய்யில்லை. மழையே காணாத ஊரில் தோட்டம் வைத்திருப்பவர், மலைமேல் ஒரு ஏரி சும்மா கிடக்கிறது என்று நினைத்தால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ‘சும்மா கிடக்கிறது’ என்ற நினைப்புதான் தவறு. அந்த ஏரியில் என்ன இருக்கு, யாருக்கு அது வேணும் என்பதை அதன் கரையில் இருந்தவர்கள் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

பெயர் வளர்ந்த கதை

ஒரு நீர்நிலத்துக்கு வைத்த பெயர் ஊருக்குப் போனது, மலைக்குப் போனது. பிறகு அந்தப் பகுதி ஒரு மாகாணம் ஆனபோது அதற்கும் பரினகோத்தா என்றே பெயர். 2007ல் சிலி ஒரு புதுப் பிராந்தியத்தை உருவாக்கி அதற்கு ‘அரிக்கா – பரினகோத்தா’ என்று பெயர் வைத்தது. இன்றைக்கு அரிக்கா கடற்கரையில், பூநாரையையே பார்க்காத ஒருவர்கூட அரசாங்கப் படிவத்தில் தன் முகவரியாகப் ‘பூநாரை ஏரி’யை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெயர் இப்படிப் பெருத்துக்கொண்டே போகும்போது அதன் அடியில் இருக்கும் பொருள் வற்றிப்போனாலும் யாருக்கும் தெரியாது. ஏரி காய்ந்த பிறகும் மலைக்கு அதே பெயர் இருக்கும், பிராந்தியத்துக்கும் இருக்கும். படிவத்தில் ஒரு எழுத்துகூட மாறாது. 1985ல் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் ‘பரினகோத்தா’ என்பது இன்று பூநாரையும் இல்லாத, ஏரியும் இல்லாத வெறும் ஓசையாகியிருக்கும். அப்படி ஆகவில்லை. இன்றைக்கும் பெயரின் இரண்டு பாதிகளும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

என் குறிப்பேட்டில் அந்தக் ‘கோட்டை??’ இன்னும் இருக்கு. அடித்துவிடவில்லை. அதற்குக் கீழே ‘குத்தா – ஏரி’ என்று எழுதி, பக்கத்தில் சுங்காராவில் இறைப்பு நின்ற ஆண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஏதாவது ஊர்ப் பெயரைப் பார்த்து மனசு தாவினால், அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வசதியா இருக்கும்.